வலப்பக்கம் புரளும்போது

எங்கள் அம்மாவுக்கு முதன்முதலாகத் தலைசுற்றியது 2022-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ஒரு விடியற்காலையில். கட்டிலின் சட்டத்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, "வீடு சுத்துதுப்பா" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, நின்றுவிட்டது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

இதை எழுதும் நாங்கள் இருவர், அண்ணன், தங்கை. ஒருவர் சென்னையில் வங்கிக் கணக்குகளுக்கான மென்பொருளில் இருபது ஆண்டுகள் உழைத்தவர். மற்றவர் கும்பகோணத்தில் அம்மாவுடன் வாழும் பள்ளித் தமிழாசிரியை. யார் எதைச் சொன்னோம், யார் எதைச் செய்தோம் என்று இங்கே பிரித்துக் காட்டப்போவதில்லை. அம்மாவை நம்பாமல் இருந்த குற்றத்தில் எங்களுக்குச் சம பங்கு உண்டு. கற்றுக்கொண்டதிலும் அப்படியே.

முதலில் பித்தம் என்றோம். இஞ்சிச் சாறும் எலுமிச்சம்பழமும் ஒரு வாரம் நடந்தன. ரத்த அழுத்தம் பார்த்தோம், சரியாக இருந்தது. கழுத்தெலும்பு தேய்மானமாக இருக்கலாம் என்று அண்டை வீட்டார் சொல்ல, கழுத்துப் பட்டை ஒன்று வாங்கி மாட்டினோம். அப்பா காலமாகி அப்போதுதான் ஓராண்டு முடிந்திருந்தது. எனவே கடைசியில், மிகுந்த அன்போடும் மிகுந்த அறியாமையோடும், "மனசுதாம்மா காரணம், எதையும் நெனைக்காம இரு" என்று சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். கூடத்து ஊஞ்சலில் உட்காருவதையும் நிறுத்தினார். கட்டிலை விட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் உறங்கத் தொடங்கினார். தலைசுற்றல் குறைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

எங்களை அச்சுறுத்தியது வேறொன்று: அம்மா தனியாக இருக்கும் பகற்பொழுதில் விழுந்துவிட்டால்? விழுந்தவுடன் எங்கள் கைப்பேசிகளுக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை நாங்களே செய்துவிடலாம் என்று தோன்றியது. சென்னை ரிச்சி தெருவில் எம்பியூ-6050 என்ற உணரியை இருநூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கினோம். நகக்கண் அளவுப் பலகையில் 4 மில்லிமீட்டர் சதுரச் சில்லு ஒன்று. அதற்குள் மூன்று திசைகளில் முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானியும், மூன்று அச்சுகளில் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் இருந்தன. கூடவே ஈஎஸ்பி32 என்ற நுண்கணினிப் பலகை. நான்கு கம்பிகளில் இரண்டும் இணைந்துவிட்டன. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று எண்ணினோம்.

முதல் மாலை முழுவதும் அது சுழியத்தைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. ஆட்டினோம், கவிழ்த்தோம், பற்றவைத்த இடங்களையெல்லாம் சோதித்தோம். பிறகுதான் தெரிந்தது, மின்சாரம் பெற்றதும் அச்சில்லு உறக்கநிலையிலேயே இருக்குமாம். அதன் பதிவேடு ஒன்றில் நாம் சுழியத்தை எழுதினால்தான் விழிக்கும். எழுதினோம், விழித்துக்கொண்டது. இரண்டாம் நாள் வேறொரு வியப்பு. மேசையில் நேராக வைத்தால் மேல்நோக்கிய அச்சு ஏறத்தாழ 16,384 என்றது. தலைகீழாக்கினால் அதே எண் எதிர்க்குறியுடன் வரவேண்டும். வந்ததோ 49,152. உணரி பழுது என்று முடிவுகட்டி, மாற்றித்தரச் சொல்லிக் கடைக்குப் போகவும் கிளம்பிவிட்டோம். பழுது எங்கள் நிரலில் இருந்தது. 16 இலக்க இரும எண்ணில் எதிர்மறை எண்கள் 65,536-இலிருந்து கழித்து எழுதப்படுகின்றன. குறியுள்ள எண்ணாக வாசிக்கவேண்டியதைக் குறியற்ற எண்ணாக வாசித்திருந்தோம். உணரி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, கேட்கும் விதம் எங்களுக்குத் தெரியவில்லை. அன்று இதை நிரல் எழுதுவோர்க்கான பாடமாக மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

உண்மையில் எங்களைத் தடுத்து நிறுத்தியது அந்த 16,384 என்ற எண்தான். அந்த அளவுகோலில் அது 1 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் முழு அளவு. அசையாமல் மேசைமேல் கிடக்கும் பொருள் ஏன் முடுக்கம் இருப்பதாகச் சொல்கிறது? ஒரு தலையணையை விரித்து, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து உணரியை விட்டுப் பார்த்தோம். அந்த உயரத்தைக் கடக்க 0.45 வினாடி ஆகும். அந்த அரை வினாடிக்கும் குறைவான நேரத்தில் மூன்று அச்சுகளும் சுழியத்தை நோக்கிச் சரிந்தன. தலையணையில் மோதியதும் எண்கள் தாவிக் குதித்து, மீண்டும் 1 ஜி-யில் அமைதியடைந்தன. விழும்போது ஒன்றுமில்லை என்கிறது, கிடக்கும்போது கனக்கிறது என்கிறது. முடுக்கமானி புவியீர்ப்பை அளப்பதில்லை. தன்னை விழாமல் தாங்கிப் பிடிக்கும் விசையைத்தான் அளக்கிறது. தாங்குவது நீங்கினால் அதற்குச் சொல்ல ஏதுமில்லை. தடையின்றி விழுபவனுக்குத் தன் எடை தெரியாது என்பது 1907-இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் அமர்ந்திருந்த ஐன்ஸ்டைனுக்குத் தோன்றிய எண்ணம். பொதுச் சார்பியலுக்கு அவர் சென்ற வழி அங்கே தொடங்கியது. எங்களுக்கு அது தலையணைமேல் விளங்கியது.

விழுதல் என்பது சுழியம் என்றால் எச்சரிக்கைக் கருவி எளிது. எண்கள் சுழியத்தை நெருங்கி, உடனே ஒரு பெரும் தாவல் வந்தால் செய்தி அனுப்பு என்று நிரல் எழுதினோம். நாங்களே இடுப்பில் கட்டிக்கொண்டு மெத்தைமேல் விழுந்து சோதித்தோம். கருவி தேறவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தால் அலறியது. சுவரைப் பற்றியபடி மெல்லச் சரிந்து தரையில் கிடந்தால் வாய் திறக்கவில்லை. வயதானவர்கள் கல்லைப்போல விழுவதில்லை. எதையேனும் பற்றிக்கொண்டு, தாங்கலை முழுதும் இழக்காமல்தான் சரிகிறார்கள். எனவே உடல் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

கோணத்தைக் கைரோஸ்கோப்பிடம் கேட்டோம். அதன் உள்ளே மிகச் சிறிய சிலிக்கன் எடைகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. சில்லு சுழலும்போது அவை பக்கவாட்டில் ஒதுக்கப்படுகின்றன. 1835-இல் பிரெஞ்சு அறிஞர் கோரியோலி கணித்துக் காட்டிய அதே விளைவு. அந்த ஒதுக்கத்தைக் கொண்டு, வினாடிக்கு எத்தனை பாகை சுழல்கிறது என்று சில்லு சொல்லிவிடும். ஒவ்வொரு கணத்துச் சுழற்சியையும் கூட்டிக்கொண்டே போனால் மொத்தக் கோணம் கிடைக்கும். கூட்டினோம். மேசையில் அசையாமல் இருந்த உணரி, பத்து நிமிடத்தில் 1,200 பாகை சுழன்றுவிட்டதாகச் சொன்னது. அதாவது மூன்று சுற்றுக்கும் மேல். ஓய்வில் இருக்கும்போதும் வினாடிக்கு 2 பாகை சுழல்வதாக அதற்கொரு பிரமை. ஆயிரம் அளவுகளின் சராசரியை எடுத்து அப்பிரமையைக் கழித்தோம். மட்டுப்பட்டது, ஆனால் அறை சூடேறியதும் மீண்டும் மெல்ல நகரத் தொடங்கியது. திரையில் ஒரு கனசதுரம் தானாகத் திரும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா அப்போது பின்னால் வந்து நின்றார். "இதுக்கும் சுத்துதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் சிரித்தோம். அச்சிரிப்பு இப்போது நினைவில் உறுத்துகிறது.

சரி, கோணத்தை முடுக்கமானியிடமே கேட்டால் என்ன? தாங்கும் விசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கொண்டு சாய்வைக் கணக்கிடலாம். அதைச் சோதிக்கக் கூடத்து ஊஞ்சலைவிட நல்ல இடம் இல்லை. பலகையின் நடுவில் உணரியை ஒட்டி, இரு புறமும் 20 பாகை சாயுமாறு ஆட்டிவிட்டோம். கண்ணெதிரே பலகை சாய்கிறது, நிமிர்கிறது, மறுபுறம் சாய்கிறது. முடுக்கமானியின் கணக்கோ சாய்வே இல்லை என்பதுபோல் சுழியத்தை ஒட்டியே நின்றது. மாறியது கனம் மட்டும்தான்: கீழே வருகையில் 1.1 ஜி, இரு நுனிகளிலும் 0.94 ஜி. திகைத்துப்போனோம். பிறகு ஒரு பழைய காட்சி நினைவுக்கு வந்தது. அப்பா ஊஞ்சற்பலகையில் காப்பித் தம்ளரை வைத்துவிட்டு ஆடுவார். ஒரு சொட்டும் சிந்தாது. சாயும் பலகையோடு காப்பியின் மேற்பரப்பும் சேர்ந்தே சாயும். ஊஞ்சலில் இருக்கும் காப்பிக்கு, சங்கிலி இழுக்கும் திசைதான் மேல். முடுக்கமானிக்கும் அப்படித்தான். சாய்வும் முடுக்கமும் அதற்கு ஒன்றுதான், பிரித்தறிய வழியில்லை. அதே ஊஞ்சலில் கைரோஸ்கோப்போ ஒவ்வொரு வீச்சையும் பிசகாமல் சொன்னது.

இன்னொரு பேராசையும் இருந்தது. அம்மா வீட்டில் எங்கே இருக்கிறார் என்பதையும் முடுக்கமானியைக் கொண்டே அறியலாமே என்று முடுக்கத்தை இருமுறை கூட்டிப் பார்த்தோம். 0.01 ஜி அளவுக்கு ஒரு சிறு பிழை இருந்தாலே ஒரு நிமிடத்தில் அது 170 மீட்டருக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. மேசையில் கிடந்த உணரி, தன் கணக்கின்படி தெருமுனையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அந்த ஆசையை அங்கேயே கைவிட்டோம்.

ஆக, எங்களிடம் இரண்டு சாட்சிகள். கைரோஸ்கோப் கணநேர அசைவை நுட்பமாகச் சொல்லும். ஆனால் எங்கே தொடங்கினோம் என்பதை நாளாவட்டத்தில் மறந்துவிடும். முடுக்கமானி ஒவ்வொரு குலுக்கலுக்கும் உளறும். ஆனால் அமைதியானதும் கீழ் எது என்பதைச் சரியாகச் சொல்லிவிடும். இருவர் சொல்லையும் கலக்க ஒற்றை வரி நிரல் உண்டு. நொடிக்கு நூறு முறை, கைரோஸ்கோப் தந்த கோணத்தில் 98 பங்கும் முடுக்கமானி தந்த கோணத்தில் 2 பங்கும் சேர்த்தால் போதும். நொடிப்பொழுதின் அசைவை முதலாவதும், மெல்ல நகரும் பிழையை இரண்டாவதும் பார்த்துக்கொள்கின்றன. எழுதி ஓட்டியதும் திரையில் கனசதுரம் உணரியோடு சேர்ந்து திரும்பி, உணரி நின்றதும் நின்றது. எங்கள் வாழ்வில் இத்தனை சிறிய ஒன்றுக்கு இத்தனை மகிழ்ந்ததில்லை.

ஏன் இரண்டு வேண்டும், மனிதருக்கு இது எப்படி இயல்கிறது என்று தேடியபோதுதான் காதுக்கு வந்து சேர்ந்தோம். உட்செவியில் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றுள் இருக்கும் நீர்மம் பின்தங்க, அதனால் வளையும் மெல்லிய தடுப்பு சுழற்சியை மூளைக்கு அறிவிக்கிறது. அவை நம் கைரோஸ்கோப். அருகிலேயே இரு சிறு பைகள். அவற்றுள் களிம்புப் படலம் ஒன்றின்மீது கால்சியம் கார்பனேட்டாலான நுண்ணிய கற்கள் படிந்திருக்கின்றன. தலை சாயும்போது கற்களின் கனம் கீழே இருக்கும் மயிரிழைகளை வளைக்கிறது. அவை நம் முடுக்கமானி. இரு காதுகளும் கண்களும் சொல்வதை மூளை ஓயாமல் கலந்து ஒரு தீர்ப்பைச் சொல்கிறது. நாம் நேராக நிற்கிறோம் என்று நினைப்பது அத்தீர்ப்பைத்தான்.

அடுத்த பத்தியைப் படித்தபோது இருவரும் பேச்சற்றுப்போனோம். முதுமையில் அக்கற்கள் சில பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடுவதுண்டாம். அப்போது தலையை ஒரு குறிப்பிட்ட பக்கம் திருப்பினால், திரும்பி நின்ற பின்னும் கற்கள் குழலுக்குள் நகர்ந்து நீர்மத்தை இழுத்துச் செல்லும். கண்கள் அறை நிற்கிறது என்கும். காது சுழல்கிறது என்கும். முடுக்கமானியின் எடை கழன்று கைரோஸ்கோப்புக்குள் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்கள் படிந்ததும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள், நின்றுவிடும். மீண்டும் திரும்பினால் மீண்டும் வரும். படுக்கையில் புரளும்போதும் எழும்போதும்தான் மிகுதி.

எங்கள் மேசையில் அசையாமல் கிடந்தபடி தான் சுழல்வதாகச் சொன்ன உணரி பொய் சொல்லவில்லை. அதற்கு அப்படித்தான் தெரிந்தது. அதன் பிழையை அளக்க நாங்கள் ஆயிரம் அளவுகள் எடுத்தோம். அம்மாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அப்போதும் எங்களுக்குப் புத்தி முழுதாக வந்துவிடவில்லை, ஆதாரம் தேடினோம். உணரியை ஒரு துணிப்பட்டையில் தைத்து அம்மாவின் நெற்றியில் கட்டினோம். மெல்லிய கம்பிகள் பின்கழுத்து வழியே இறங்கி, பலகையும் மின்கலமும் இருந்த சுருக்குப்பையில் முடிந்தன. நாற்காலியில் உறங்கியவரைக் கட்டிலுக்கு வரச்சொன்னோம். பக்கத்தில் ஒருவர் படுத்துக்கொண்டோம். ஐந்து இரவுகள். ஆறாம் நாள் காலை வரைபடத்தைத் திரையில் விரித்தோம். அம்மா இடப்பக்கம் பதினான்கு முறை புரண்டிருந்தார், ஒன்றும் ஆகவில்லை. வலப்பக்கம் ஆறு முறை. ஆறிலும் அரை நிமிடத்துக்குள் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

பெருமிதத்தோடு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். "பாரும்மா, வலது பக்கம் திரும்பும்போதுதான் வருது."

அம்மா திரையைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்தார். "இதத்தானே நான் மொத வாரமே சொன்னேன்? வலது பக்கம் பொரண்டா வீடு சுத்துதுன்னு. நீங்கதான் மனசுன்னீங்க."

சொல்லியிருந்தார். எங்களுக்கும் நினைவிருந்தது. இஞ்சிச் சாறு கொடுத்த நாளில், வலப்பக்கம் என்ற சொல்லோடுதான் சொல்லியிருந்தார். அதை ஒரு தகவலாக நாங்கள் எடுத்துக்கொள்ளவே இல்லை.

தஞ்சாவூரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். எங்கள் வரைபடத்தை மரியாதைக்காக ஒரு பார்வை பார்த்து மடித்து வைத்துவிட்டு, அவர் அம்மாவிடம் கேட்ட முதற்கேள்வி: "எந்தப் பக்கம் திரும்பினா வருதும்மா?" அம்மா வலக்கையை உயர்த்திக் காட்டினார். மருத்துவர் அவர் தலையை வலப்புறம் 45 பாகை திருப்பி, விரைவாகப் பின்னால் படுக்கவைத்து, கண்களைக் கவனித்தார். சில வினாடிகளில் கருவிழிகள் துடிக்கத் தொடங்கின. நாங்கள் குனிந்து பார்த்தோம். அறை நின்றுகொண்டிருக்க, அம்மாவின் கண்கள் ஒரு சுழற்சியைத் துரத்திக்கொண்டிருந்தன. அரை நிமிடத்தில் அடங்கின. மனப்பிரமை என்று நாங்கள் சொன்னது இதைத்தான்.

இச்சோதனை 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்தது. நோயை அதற்கும் முன்பே, 1921-இல், ராபர்ட் பாரானி பதிவு செய்திருந்தார். உட்செவி ஆய்வுகளுக்காக 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றவர் அவர். சிகிச்சை ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவருடையது. 1992-இல் விரிவாக வெளியிட்டார். அதில் மருந்தில்லை, கத்தியில்லை. படுத்த நிலையில் தலையை இடப்புறம் திருப்பி, பிறகு உடலையும் இடப்புறம் புரட்டி, மூக்கு தரையைப் பார்க்கச் செய்து, ஒவ்வொரு நிலையிலும் சற்றுக் காத்திருந்து, இறுதியில் உட்காரவைப்பது. வளைந்த குழலில் சிக்கிய கற்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் சிறிது நகர்ந்து, வந்த வழியே பைக்குத் திரும்பிவிடுகின்றன. மருத்துவர் தலையைத் திருப்புகிறார், வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது. எல்லாம் கால்மணி நேரத்தில் முடிந்தது. எங்கள் ஐந்து இரவுகள் தேவையே இல்லாதவை. அம்மாவை வருத்தியது மட்டும் மிச்சம்.

தலைசுற்றல் எல்லாம் இதுவல்ல என்பதையும் மருத்துவர் சொன்னார். பேச்சுக் குழறினாலோ, கைகால் தளர்ந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். வீட்டுவைத்தியம், வீட்டுமின்னணுவியல் இரண்டும் அங்கே உதவா.

அம்மா கட்டிலுக்குத் திரும்பினார். சில வாரங்கள் கழித்து, யாரும் சொல்லாமலே, ஒரு மாலை ஊஞ்சலில் உட்கார்ந்தார். காலால் தரையை உந்தினார். காப்பித் தம்ளரைப் பலகையில் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

இது திரும்ப வரக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எட்டு மாதம் கழித்து வந்தது. தொலைபேசியில் அம்மா சொன்னார்: "இந்தத் தடவை எடது பக்கம்." உணரி அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தது. அதை நாங்கள் எடுக்கவில்லை. அன்றே தஞ்சாவூர் போனோம். மருத்துவர் இடப்புறம் திருப்பிப் பார்த்தார். அம்மா சொன்ன பக்கம்தான்.